ஐயாயிரத்து ஒன்று

எனக்கு வாய் கொஞ்சம் கூட என்று லண்டன் எட்மண்டனில் எல்லோருக்கும் தெரியும். சீட்டுப் பிடிக்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் அவள் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். எங்கள் சீட்டில் பதினைந்து பேர், ஆளுக்கு மாதம் ஐந்நூறு பவுண்ஸ். மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் வீட்டு ஹோலில் கூடுவோம். காசு அவசரமானவர் கழிவு கூறுவார், அதாவது எவ்வளவு குறைத்து எடுக்கச் சம்மதம் என்று சொல்லுவார். ஆகக் கூடிய கழிவு கூறியவர் அந்த மாதச் சீட்டை எடுத்துக்கொண்டு போவார். பிறகு சீட்டு முடியும்வரை மாதாமாதம் கட்ட வேண்டியது அவர் பொறுப்பு. எடுத்த பிறகுதான் ஆட்களுக்குக் காய்ச்சல் வருத்தம் வரும், கார் பழுதாகும், ஷிப்ட் குறையும். நான் போனில் பிடித்து நாலு கிழி கிழித்தால் அடுத்த நாளே காசு வந்து சேரும்.

கஸ்பரைக் காசுக்காக நான் ஒருநாளும் ஏசியதில்லை. பாரிஸில் பத்து வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று மூன்று வருடத்துக்கு முதல் லண்டன் வந்த பொடியன். அப்டன் பார்க்கில் ஒரு துணிக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் பெண்சாதி கத்தரினோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தான். பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிற ஒருவருக்கு வான் ஓட்டினான். சீட்டுக் காசைக் கவரில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைப்பான். மற்றவர்கள் நான் கொப்பியில் எழுதுகிறேனா என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். இவன் பார்க்கவே மாட்டான்.

"எழுதினதைப் பாத்திட்டுப் போவன் தம்பி" என்பேன்.

"நீங்கள் எழுதாட்டிலும் நான் குடுத்தது குடுத்ததுதானே அக்கா" என்று சிரிப்பான். சரியான விசரன் என்று நானும் சிரிப்பேன்.

2009ஆம் ஆண்டு ஏப்ரலிலும் மேயிலும் சீட்டே கூடவில்லை. ஊரில் நடக்கிற சண்டையை நிறுத்தச் சொல்லி எல்லோரும் பார்லிமென்டுக்கு முன்னால் றோட்டில் இருந்தோம். அந்த நேரத்தில் யாருக்குக் கழிவைப் பற்றிக் கதைக்க மனம் வரும். ஜூனில் திரும்பக் கூடியபோது கஸ்பர் எழும்பிக் கழிவு கூறினான். மற்றவர்கள் வாயைப் பிளக்கும் அளவுக்குக் கழிவு.

"உனக்கென்ன பேய் பிடிச்சிட்டுதே? கொஞ்ச மாதம் பொறுத்தால் முழுசுக்குக் கிட்ட வருமல்லோ" என்றேன்.

"பொறுத்தால் வீடு போயிடும் அக்கா" என்றான்.

அவன் சொன்ன வீடு எங்களுடைய வீடுதான். நாங்கள் இருக்கிற வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வாடகைக்கு விட்டிருந்த மூன்று அறை வீடு. வீட்டு விலை விழுகிறது, இன்னும் விழப்போகிறது என்று டிவியில் சொல்லச் சொல்ல என் மனுசன் தவராசாவுக்கு நித்திரை போய்விட்டது. வாடகைக்கு இருந்தவர்களும் வெளிக்கிட்டுப் போக, இதுதான் நேரம், தள்ளிவிடுவோம் என்று நின்றார். ஏஜென்டிடம் போனால் கமிஷன் கொடுக்க வேண்டும், தெரிந்த ஆளுக்கு நேரே கொடுத்தால் அது மிச்சம் என்று கணக்குப் பார்த்தார். கஸ்பருக்கு வீடு பிடித்துக்கொண்டது. கத்தரின் பின்பக்கத்துப் புல்லில் இறங்கி நின்று, "பிள்ளையள் இதில ஓடித் திரியலாம்" என்று மட்டும் சொன்னாள். அவள் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை.

இந்த நாட்டில் வீடு வாங்குவதற்கு அச்சவாரம் என்று கையில் காசு கொடுக்கிற வழக்கம் கிடையாது. சொலிசிட்டர்மார் பத்திரம் மாற்றுகிற நாளில்தான் காசு கைமாறும். அதுவரைக்கும் வாங்குகிறவரும் விலகலாம், விற்கிறவரும் விலகலாம். இரண்டு வீடு வாங்கிய எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் ஆட்களுக்குள் தட்டில் காசு வைத்தால்தான் பேச்சு உறுதியாகும். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து இரண்டு பேரையும் வரச் சொல்லி, சாமி அலுமாரிக்கு முன்னால் வெற்றிலை வைத்த தட்டத்தை நீட்டினேன். அவர்கள் வேதக்காரர். ஆனாலும் முகம் சுளிக்கவில்லை. கஸ்பர் ஐயாயிரம் பவுண்ஸ் இருந்த கவரைத் தட்டில் வைத்தான். அதற்கு முந்தின கிழமை என்னுடைய கையிலிருந்து எடுத்துக்கொண்டு போன சீட்டுக் காசு.

"மொட்டையா வைக்கக்கூடாது தம்பி. ஒண்டு சேத்து வை" என்றேன்.

அவன் சட்டைப் பையைத் தடவினான். கத்தரின், கடையில் ட்ரொலி எடுப்பதற்கென்று தன் கோட்டுப் பையில் வைத்திருந்த ஒரு பவுண் நாணயக் குற்றியை எடுத்துக் கவருக்கு மேலே வைத்தாள்.

ஏதாவது எழுதுவோமா என்று இவர் கேட்டார். "எதுக்கு அண்ணை?" என்றான் கஸ்பர். "சட்டம் எனக்குத் தெரியும்தானே. நான் மாறினால் இந்தக் காசு உங்களுக்கு. நீங்கள் மாறினால் இரட்டிப்பாத் திருப்பித் தரவேணும். பிரான்சில ஒரு வான் வாங்கேக்க எனக்கு அப்பிடித்தான் நடந்தது."

"அது பிரான்சில" என்று நானும் சிரித்தேன். அதற்கு மேலே ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி வைக்க உள்ளே போனேன்.

கோடை முடிய எல்லாம் மாறியது. விழுந்த விலை எழும்பத் தொடங்கியது. அந்த வாடகை வீட்டுக்குப் பக்கத்து வீடு, அதே மூன்று அறை, கஸ்பரிடம் பேசிய விலையைவிட முப்பதாயிரம் கூடப் போனது. இவர் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் அந்த வீட்டு வாசலில் நட்டிருந்த போர்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்காகக் கஸ்பர் கேட்ட மோர்ட்கேஜ் கடனும் இழுபட்டுக்கொண்டிருந்தது. வங்கி இன்றைக்கு ஒரு கடதாசி கேட்கும், அடுத்த கிழமை இன்னொன்று கேட்கும். அந்த இழுபறி இவருக்கு வசதியாகப் போய்விட்டது.

"கலா, வீட்டைக் குடுக்கவேண்டாம். பொறுப்பம்" என்றார் ஒருநாள்.

"சொல்லுக் குடுத்தாச்சல்லோ?"

"பத்திரம் மாறேல்லைத்தானே. அவன்ர காசை அவனிட்டத் திருப்பிக் குடுத்தால் சரி."

"அவன் இரட்டிப்பெண்டு வந்து நிண்டால்?"

"இது லண்டன். நிண்டு பாக்கட்டும்."

நான் சண்டை பிடித்தேன். கத்தினேன், சமைக்காமல் படுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். முப்பதாயிரம் எனக்கும் கசக்கவில்லை, அதுதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமை சீட்டுக்கு வரும்போது நானே அவனுக்குச் சொல்லுகிறேன் என்றேன். 'தம்பி, குறை நினையாதை, எங்களுக்கு இப்ப வசதிப்படேல்லை, இந்தா உன்ர காசு' என்று வசனம்கூடச் சரி செய்து வைத்திருந்தேன். கவரும் குற்றியும் சாமி அலுமாரியில் வைத்த இடத்திலேயே இருந்தன.

கஸ்பர் சனிக்கிழமையே வந்துவிட்டான்.

மழையில் நனைந்துபோய் வந்தான். உள்ளே வா என்றால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஈரம் பட்டுவிடும் என்று சோபாவின் நுனியில் இருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"வங்கி கடன் இல்லையெண்டிட்டுது அக்கா. இந்த நாட்டில என்ர கணக்குக் காணாதாம்."

இவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"ஜூனில இருந்து எனக்காண்டி வீட்டைப் பூட்டி வைச்சிருக்கிறீங்கள். வாடகையும் இல்லை. இப்ப வந்து ஏலாதெண்டு சொல்லுறன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. அண்ணை, நீங்களும்." இரண்டு கையையும் கூப்பினான். "அச்சவாரம் உங்களுக்குத்தான். அதைக் கேக்க வரேல்லை. போனில சொல்லுறது சரியில்லை, முகத்தைப் பாத்துச் சொல்லவேணும் எண்டுதான் வந்தனான்."

"தம்பி" என்று வாயைத் திறந்தேன்.

இவர் கார்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய கால் என் காலை ஒருதரம் அமத்தியது. அந்தக் காலில் பழியைப் போட்டுவிட்டு நான் தப்ப முடியாது. அந்த நேரம் என் மண்டைக்குள் ஓடியது எனக்குத் தெரியும். நாங்கள்தான் மாற இருந்தோம் என்று சொன்னால் இவன் இரட்டிப்புக் கேட்பான். சொல்லாவிட்டால் வீடும் எங்களுக்கு, காசும் எங்களுக்கு, நல்ல பெயரும் எங்களுக்கு.

"தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று முடித்தேன்.

குடித்தான். கோப்பையைக் குசினிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் ஒக்டோபர்ச் சீட்டுக்கும் வந்து ஐந்நூறைக் கட்டினான். நவம்பரிலும் வந்தான். கிடைக்காத வீட்டுக்காக எடுத்த சீட்டுக்கு, அந்தக் காசை வைத்துக்கொண்டிருக்கிற என்னிடமே கொண்டுவந்து கட்டினான். கவரை வைத்துவிட்டு, கொப்பியைப் பார்க்காமல், மற்றவர்களோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு ரோல்ஸ் சாப்பிட்டான். எனக்கு அவனுடைய முகத்தைப் பார்க்கக் கூசியது. அவன் போன பிறகு அந்த ஐந்நூறை எண்ணவே கை வரவில்லை.

அச்சவாரக் காசு அலுமாரியில் கிடந்தது. விளக்குக் கொளுத்தப் போனால் பிள்ளையாரைப் பார்க்க முதல் அந்தக் குற்றியில்தான் கண் போகும். இவர் குசினியைப் புதிதாகப் போடுவோம் என்றார்.

"அதில தொடாதேங்கோ" என்று பாய்ந்தேன்.

"அப்ப திருப்பிக் குடு."

"என்னெண்டு சொல்லிக் குடுக்கிறது? நீங்கள் வந்து சொல்லுறீங்களே?"

எங்களுக்குத் தேவையில்லாத காசு. எங்களுக்குப் பசியில்லை, கடனில்லை. அவசரம் என்று ஒன்று இருந்திருந்தால் அதைச் சொல்லியாவது மனத்தை ஆற்றியிருப்பேன். சும்மா, வாயைத் திறக்காமல் இருந்ததற்காக வந்த காசு. ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு லண்டனைக் குறுக்கே கடந்து விம்பிள்டன் பிள்ளையாரிடம் போனேன். அர்ச்சனைக்குக் கொடுத்துவிட்டு, ஐயர் பெயர் கேட்டபோது என் பெயரைச் சொல்ல வாய் வராமல் என்னுடைய பிள்ளைகளின் பெயரைச் சொன்னேன்.

என் கோபம் முழுக்க மற்றவர்கள் மேல் விழுந்தது. கிரிஜா என்று சீட்டில் ஒரு பிள்ளை, கட்டக் கொஞ்சம் பிந்திவிட்டாள். "அடுத்தவற்ற காசில சாப்பிட உனக்கு வெக்கமில்லையே" என்று போனில் கேட்டுவிட்டேன். அவள் அழுதாள். போனை வைத்துவிட்டுப் படியில் இருந்தேன். நான் கேட்டது யாருக்கு உரிய கேள்வி என்று எனக்குத் தெரியாதா. வெட்கமாக இருந்தது, எழும்ப முடியாத வெட்கம்.

டிசம்பர் சீட்டுக்குக் கஸ்பர் கத்தரினையும் கூட்டிக்கொண்டு வந்தான். வழக்கமாக அவள் வருவதில்லை. மற்றவர்கள் எல்லோரும் போகும்வரை இரண்டு பேரும் இருந்தார்கள். பிறகு கஸ்பர் கவரை மேசையில் வைத்தான்.

"அக்கா, இந்த மாதம் நானூறுதான் இருக்கு. மிச்ச நூறை அடுத்த கிழமை தாறன்" என்றான். தலையை நிமிர்த்தவில்லை.

"பரவாயில்லைத் தம்பி" என்றேன். என் குரல் இறங்கிப் போனதைக் கேட்டு இவர் திரும்பிப் பார்த்தார்.

கஸ்பர் எழும்பினான். கத்தரின் எழும்பவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தபடி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்டு கேக்கவேணும். மோர்ட்கேஜுக்கு அலுவல் பாத்த பொடியன் போன் எடுத்தவன். அச்சவாரம் திரும்பி வந்திட்டுதோ எண்டு கேட்டான். அதென்னெண்டு வரும் எண்டன். பத்திரம் மாற முந்திக் குடுத்த காசு, ஆர் மாறினாலும் வாங்க வந்தவையின்ர காசுதானாம். இந்த நாட்டில அப்பிடித்தானாம். உங்களுக்குத் தெரியுமல்லோ அக்கா, அது உண்மையோ?"

"கத்தரின், வாயைப் பொத்து" என்றான் கஸ்பர்.

"ஏன் பொத்த? பிள்ளையளுக்குக் குளிருக்குச் சப்பாத்து வாங்க வழியில்லை. இல்லாத வீட்டுக்கு மாதம் ஐந்நூறு கட்டுறம். கேட்டால் என்ன?"

"கேக்கிற ஆக்களிட்டயோ கேக்கிறாய்?" அவன் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "இவை நினைச்சிருந்தால் எப்பவோ கூட விலைக்கு வித்திருப்பினம். பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனதெண்டு தெரியுமோ உனக்கு? எங்களுக்குச் சொன்ன சொல்லுக்காக வைச்சிருந்தவை. மாறினது நான். பேச்செண்டால் பேச்சு. நீ இனி இதைப் பற்றிக் கதைக்கக்கூடாது."

கத்தரின் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் காது இரண்டும் எரிந்தது. கஸ்பர் சொன்ன ஒவ்வொரு நல்ல வார்த்தையும் எனக்கு அடி விழுகிற மாதிரி இருந்தது.

இவர் தொண்டையைச் செருமினார். "சரி சரி, சண்டை வேண்டாம். சட்டம் கிட்டமெண்டு பாத்தால் அது வேற கதை. நாங்கள் ஒரு நாட்டுச் சனம். எங்களுக்கும் நட்டம்தான், பரவாயில்லை. அரைவாசியைத் தாறம் தம்பி."

கஸ்பருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓரடி முன்னுக்கு வந்து இவருடைய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தான். "உங்களைப் போல ஆர் அண்ணை செய்வினம்" என்றான். கத்தரினின் பக்கம் திரும்பி, "பாத்தியோ?" என்றான்.

அதற்கு மேலே என்னால் ஏலவில்லை.

"கையை விடு தம்பி" என்றேன். என்னுடைய பழைய குரல், சீட்டுக் குரல் வந்துவிட்டது. "அவற்ற கையைப் பிடியாதை. நீ மழையில நனைஞ்சுகொண்டு வந்த அண்டைக்கு, வீட்டைக் குடுக்கிறேல்லை எண்டு நாங்கள் முதலே முடிவெடுத்திட்டம். அடுத்த நாள் உனக்குச் சொல்ல இருந்தனான். நீ முந்தி வந்து சொன்னாய். நாங்கள் பேசாமல் இருந்திட்டம்."

"கலா" என்றார் இவர்.

"நீங்கள் சும்மா இருங்கோ. பக்கத்து வீட்டு விலையைப் பாத்திட்டுத்தான் நாங்களும் மாறினது. அந்தக் காசு முழுக்க உன்ர. இந்த நாட்டுச் சட்டப்படியும் உன்ர. உன்ர பிரான்ஸ் கணக்கெண்டால் இரட்டிப்பு. அதையும் கேள், தாறன்."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், அதோடு ஏதோ ஒரு வழியில் முடிந்திருக்கும். அவன் இவருடைய கையை மெல்ல விட்டான்.

"அண்டைக்கு நான் வரேக்க முடிவெடுத்தாச்சோ?"

"ஓம்."

"நான் கையெடுத்துக் கும்பிடேக்க?"

"ஓம் தம்பி."

தலையை ஆட்டினான். "உங்களிட்ட மன்னிப்புக் கேக்கிறதுக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியாமல் திரிஞ்சனான்" என்றான். "வானை வழியில நிப்பாட்டிப்போட்டு, தனியச் சொல்லிச் சொல்லிப் பாத்தனான்."

அதே நாட்களில் நானும் இந்த வீட்டுக் குசினியில் ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை. காசைத் திருப்பிக் கொடுக்கலாம். அவன் கேட்ட மன்னிப்பை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அலுமாரியைத் திறந்து கவரை எடுத்துக் கத்தரினிடம் கொடுத்தேன். "எண்ணிப் பார் பிள்ளை. அப்பிடியே இருக்கு" என்றேன்.

அவள் எண்ணினாள். ஒவ்வொரு தாளாக, அவசரமில்லாமல் எண்ணி முடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "அந்த ஒரு பவுணும்" என்றாள்.

திரும்பப் போனேன். விளக்கின் எண்ணெயும் குங்குமமும் பட்டுக் குற்றி தட்டத்தோடு ஒட்டிப்போய் இருந்தது. நகத்தால் கிளப்பி எடுக்க வேண்டியிருந்தது. சேலைத் தலைப்பில் துடைக்கப் போனேன்.

"துடைக்கவேண்டாம், தாங்கோ" என்று கையை நீட்டினாள்.

"இரட்டிப்பு எங்களுக்கு வேண்டாம்" என்றான் கஸ்பர். அக்கா என்று சேர்க்கவில்லை.

கத்தரின் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவன் அவளைக் கூப்பிட்டு நூறு பவுண்ஸ் வாங்கினான். மேசையில் கிடந்த நானூறோடு சேர்த்து என் முன்னால் வைத்தான்.

"இந்த மாதச் சீட்டு. ஐந்நூறு."

"நான் எழுதிக்கொள்ளுறன் தம்பி. குளிருக்க கத்தரின் நிக்குது, நீ போ."

அவன் அசையவில்லை.

"எழுதுங்கோ" என்றான்.

கொப்பியை விரித்தேன். அவனுடைய பெயருக்கு நேரே நான் ஐந்நூறு என்று எழுதி, திகதியும் போட்டு முடிக்கும்வரை, கஸ்பர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.